வேலை போனதைச் சொல்லிவிடு, கண்ணு

வேலை போனதை அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லாதே என்று உன் அம்மா உனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் என் மகள். அவள் பயம் எனக்குப் புரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று அவள் மனதில் ஓடுகிறது. ஆனாலும் நான் சொல்கிறேன்: சொல்லிவிடு. காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி மெட்ரோ ஏறி, எங்கேயோ உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வருகிறாயே, அதை இன்றோடு நிறுத்திவிடு.

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். இந்தப் பெங்களூரில் வேலை எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பார்த்தவள். அல்சூரில் தலைமுறைக்கு ஒரு தடவை பெரிய வேலை ஒன்று வந்து எல்லாரையும் வாரி அணைத்துக்கொள்ளும். அடுத்த தலைமுறை போய் நிற்கும்போது அதே வேலை கதவைச் சாத்திவிடும். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தவர்கள் 'என்னிடம்தான் ஏதோ குறை' என்று மருகினார்கள். ஊர் மாறுகிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

1809-இல் வெள்ளைக்காரர்கள் அல்சூரை ஒட்டித் தங்கள் படைக்கு முகாம் அமைத்தார்கள். அதுதான் கண்டோன்மெண்ட். படை வந்தால் அதற்குச் சமைக்க, துணி வெளுக்க, சட்டையும் செருப்பும் தைக்க, குதிரைக்குப் புல் அறுக்க, பாரக்ஸ் கட்ட ஆள் வேண்டும். வட ஆற்காட்டிலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது அந்த வேலைகளுக்குத்தான். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றித்தான் நம் தெருக்கள் வளர்ந்தன. ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். மைதானத்தைத் தாண்டும்போது அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் ஆளை நினைத்துப் பார். ஆற்காடு நாராயணசாமி முதலியார். கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்தவர். இன்றைக்கு ஹைகோர்ட் இருக்கும் அட்டாரா கச்சேரி 1868-இல் அவர் கட்டி முடித்தது. சம்பாத்தியத்தின் ஒரு பங்கை 1873-இல் இலவசப் பள்ளிக்கூடமாக மாற்றினார். கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைக்க அந்த மாதிரிப் பள்ளிகள் வழிவிட்டன.

1947-இல் கண்டோன்மெண்ட் மைசூர் அரசின் கைக்கு வந்தது. துரைமார் குடும்பங்கள் கப்பலேறின. நாட்டுக்கு அது விடுதலை, சந்தேகமே இல்லை. பங்களாக்களை நம்பி அடுப்பெரித்த வீடுகளில் அந்த வருஷம் என்ன நடந்தது என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் அப்பா தச்சர். பங்களாக்களுக்கு மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவர். ஆர்டர் கொடுக்க ஆளில்லாமல் போய், சில மாதங்கள் கோயில் வாசலில் மற்ற ஆட்களோடு உட்கார்ந்திருந்தாராம். பிறகு ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களை அனுப்ப மரப்பெட்டி அடிக்கும் பிரிவில் சேர்ந்தார். உளி அதேதான், கையும் அதேதான், போய் நிற்கிற வாசல் மட்டும் வேறு. அப்பாவிடமிருந்து எனக்குக் கிடைத்த பாடம் இது. உனக்கும் இதையேதான் சொல்லப் போகிறேன்.

அதற்குப் பிறகு வந்த நாற்பது ஆண்டுகள் பெங்களூருக்கு ஆலைகளின் காலம். எச்.ஏ.எல். 1940-இலேயே வந்துவிட்டது. 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல்., 1964-இல் பி.இ.எம்.எல். பையப்பனஹள்ளியில் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கம்பெனியோடு கைகோத்து நடந்த என்.ஜி.இ.எஃப். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம். விடிகாலையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஆலை பஸ்கள் வரிசையாகப் போகும். மலிவான கேண்டீன் சாப்பாடு, சீருடை, குவார்ட்டர்ஸ், போனஸ், பிள்ளைக்கு அப்ரென்டிஸ் இடம். மாப்பிள்ளை பெர்மனென்ட் என்றால் ஜாதகத்தைக்கூட அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். இன்றைக்கு நீங்கள் கம்பெனி பேர் சொல்லும்போது குரலில் ஏறுகிற பெருமிதம் அன்றைக்கு அந்த மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பெயர்களைச் சொல்லும்போதும் ஏறும்.

1980 டிசம்பர் கடைசியில், பி.எச்.இ.எல்.-இல் கிடைக்கிற சம்பளம் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு இந்த ஆலைகளில் பலவற்றின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அடுத்த மார்ச் வரை இழுத்தது. அந்த மாதங்களில் அல்சூர் மளிகைக் கடைகளில் கடன் நோட்டுகள் தடித்தன. கடைக்காரர்கள் கடன் கொடுத்தார்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும். யார் வீட்டில் சம்பளம் வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். தெரிந்ததால்தான் உதவ முடிந்தது. உன் அம்மாவுக்கு அப்போது ஆறேழு வயது. அவள் குடித்த பாலுக்கும் அந்த நோட்டில் கணக்கு இருந்தது.

நான் பெரிய ஆலையில் இருந்தவள் இல்லை. பெரிய ஆலைகளுக்குச் சின்னச் சின்ன உதிரிகள் செய்து கொடுக்கும் பட்டறைகள் நிறைய இருந்தன. அப்படி ஒன்றில் காயில் சுற்றினேன். பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் எப்படி வேலை செய்யும் தெரியுமா? ஒருவர் எண்ணைச் சுழற்றினால் மறுமுனையில் இரும்புக் கைகள் ஏறி இறங்கி, ரிலேக்கள் டக் டக்கென்று அடித்து இணைப்பைப் பிடிக்கும். ஸ்ட்ரௌஜர் என்று பெயர். ஒவ்வொரு ரிலேயிலும் மயிரிழைச் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். கம்பி அறுந்தால் காயில் வீண், இறுக்கம் தப்பினாலும் வீண். இதற்குப் பெண்களின் விரல்தான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எடுத்தார்கள்.

1984-இல் டெல்லியில் சி-டாட் என்ற அமைப்பு தொடங்கியது. நம் நாட்டுக்கென்று மின்னணு எக்ஸ்சேஞ்ச் செய்தார்கள். கிராமம் கிராமமாக எஸ்.டி.டி. பூத் வந்தது அதற்குப் பிறகுதான். எவ்வளவு பேர் தூரத்துப் பிள்ளைகளின் குரலைக் கேட்டார்கள்! நல்ல காரியம். ஆனால் மின்னணு எக்ஸ்சேஞ்சில் ஏறி இறங்கும் இரும்புக் கை கிடையாது, எங்கள் காயிலுக்கும் அங்கே வேலை கிடையாது. பெரிய ஆலையில் ஆர்டர் குறைந்தால் முதலில் மூடுவது சின்னப் பட்டறைதான். ஒரு திங்கட்கிழமை போனோம், ஷட்டர் இறங்கியிருந்தது.

என் விரலில் குறை வந்து அந்த வேலை போகவில்லை. என்னைவிட வேகமாகச் சுற்றியவர்களும் அதே வாசலில்தான் நின்றார்கள். எங்களில் சிலர் சால்டரிங் கற்றுக்கொண்டு போர்டு அசெம்பிளி யூனிட்டுகளுக்குப் போனார்கள். நான் தையலுக்குப் போனேன். நுணுக்கமாக, ஒரே இறுக்கத்தில், அலுக்காமல் ஒரு வேலையைச் செய்ய எனக்கு வரும். அதைச் செம்புக் கம்பியிலும் செய்யலாம், பருத்தி நூலிலும் செய்யலாம் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சகாலம் பிடித்தது.

கோலார் தங்கவயல் கதை இதைவிடப் பெரியது. 1880-இலிருந்து நூற்றிருபது ஆண்டு தோண்டினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஆட்கள், அதிலும் தாழ்த்தப்பட்ட மக்கள். நுரையீரலில் கல்தூசி படிந்து எத்தனையோ பேர் செத்தார்கள். தங்கம் குறைந்து, எடுக்கிற செலவு ஏறி, 2001 பிப்ரவரி கடைசியில் பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. ஒரே வேலையை நம்பி எழுந்த ஊர் அது. அந்த வேலை போனதும் ஊரே ரயில் ஏறியது. மாரிக்குப்பத்திலிருந்து விடியலுக்கு முன் புறப்படும் வண்டிகளில் இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூர் வந்து வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். நம் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு தங்கவயல் அண்ணன், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் வைண்டிங் என்ஜினில் இருந்தவர். இங்கே வந்து அடுக்குமாடி லிஃப்ட் பராமரிப்பில் சேர்ந்தார். கயிறு, பிரேக், எடை, ஆள் உயிர் எல்லாம் அவருக்குப் பழகிய விஷயம். கீழே போன கை மேலே போயிற்று. அவரிடம் லிஃப்ட் சர்டிபிகேட் எதுவும் இல்லை. தனக்கு என்ன தெரியும் என்பதை இண்டர்வியூவில் எடுத்துச் சொல்லத் தெரிந்திருந்தது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். இன்போசிஸ் 1983-இல் புனேயிலிருந்து இங்கே வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985-இல் வந்தது. ஆலைகளில் கற்ற எஞ்சினியர்களும், அவர்களுக்காக வளர்ந்த கல்லூரிகளும், ஐ.ஐ.எஸ்.சி.யும் இங்கே இருந்ததால்தான் அவர்கள் வந்தார்கள். பழைய வேலைகளின் தோளில் ஏறித்தான் புதிய வேலை வந்தது. இன்றைக்கு உலகக் கம்பெனிகள் தங்களுக்கென்றே வைத்திருக்கும் மையங்கள் மட்டும் இந்த நகரத்தில் 800-க்கு மேல் இருக்கின்றன. அதே சமயம் 2025-இல் டி.சி.எஸ். போன்ற பெரிய கம்பெனியே தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. வேலை வருவதும் போவதும் ஒரே நகரத்தில், ஒரே வருஷத்தில் நடக்கிறது. போகிறவர்களின் வேலையும் வருகிற வேலையும் ஒன்றாக இல்லாததுதான் சிக்கல்.

நீ செய்தது டெஸ்டிங். அதில் பாதியை இப்போது இயந்திரமே செய்கிறது என்று சொன்னாய். இருக்கட்டும். உன் வேலையின் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது? ஒரு பொருள் எங்கே உடையும், எந்த மாதிரி ஆள் எந்த இடத்தில் தவறான பொத்தானை அழுத்துவார் என்று முன்கூட்டியே யோசிக்கிற கண் உனக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லிங்கிலும், பேங்க் செயலியிலும், மருந்துக் கம்பெனியின் தரப் பதிவேடுகளிலும் அந்தக் கண்ணுக்குத் தேவை இருக்கிறது. உன் ரெசியூமில் நீ பயன்படுத்திய கருவிகளின் பெயர்தான் வரிசையாக இருக்கிறது. நீ எதைக் கண்டுபிடித்தாய், அதனால் எந்த நஷ்டம் தவிர்ந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுது. நம் அல்சூரில் ஹலசூரு மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் 2023-இலிருந்து நேராக ஒயிட்ஃபீல்டு வரை ரயில் போகிறது. என் காலத்தில் அது ஒரு நாள் பயணம். தூரம் என்று எந்த இண்டர்வியூவையும் தள்ளாதே.

இதற்கு மேல் சொல்லப்போவதை ஒரு நோட்டில் குறித்துக்கொள், ஏனென்றால் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் பட்டறை முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார். ஷட்டர் இறங்கிய பிறகு ஆபீசில் போய்க் கேட்டால், பல வருஷங்களுக்குப் பணமே கட்டவில்லை என்று தெரிந்தது. பாதியை அலைந்து வாங்கினோம், மீதி போனது போனதுதான். இன்றைக்கு உனக்கு யு.ஏ.என். எண் இருக்கிறது, மாதாமாதம் கட்டுகிறார்களா என்று கைபேசியிலேயே பார்க்கலாம். 12 சதவீதம் உன் பங்கு, இன்னொரு 12 கம்பெனியின் பங்கு. அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது. பத்து வருஷ சேவை சேர்ந்தால்தான் மாதப் பென்ஷனுக்கு உரிமை. கையில் பணம் இல்லையே என்று மொத்தத்தையும் எடுத்துவிட்டால் இதுவரை சேர்ந்த வருஷங்களும் கணக்கிலிருந்து போய்விடும். அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்.

உன்னை நீக்கினார்கள் என்று எழுதித் தராமல், 'நீயே ராஜினாமா கொடுத்துவிடு, ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்' என்று பேசினார்கள் என்றாய். இந்தப் பேச்சு இந்த நகரத்தில் ஆயிரம் பேரிடம் பேசப்படுகிறது. ஒரு அறையில் தனியாக உட்கார வைத்து, உடனே கையெழுத்து கேட்டால், உடனே போடாதே. படித்துப் பார்க்க ஒரு நாள் கேள். பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர் எல்லாவற்றுக்கும் நகல் உன் சொந்த மெயிலில் இருக்கட்டும். சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சங்கம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். 2017-இலிருந்து கே.ஐ.டி.யு. என்ற சங்கம் பெங்களூரில் இருக்கிறது. பன்னர்கட்டா ரோட்டில் கார்மிக பவன் இருக்கிறது. தொழிலாளர் துறை அங்கேதான் தகராறுகளை உட்கார வைத்துப் பேசுகிறது. என் காலத்துப் பெண்கள் அந்த மாதிரி வாசலை மிதிக்கப் பயந்தோம். நீங்கள் பயப்பட வேண்டாம்.

துணிக்கடையில் இருக்கும் உன் சித்தி பெண்ணுக்கும் ஒன்று சொல். அவள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அவளுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அவள் கையிலிருந்து 0.75 சதவீதம்தான் போகிறது, கடைக்காரர் 3.25 கட்டுகிறார். இந்திராநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி நமக்கு நடக்கிற தூரம். அவள் அந்தக் கார்டை மருந்துக்கு மட்டும்தான் என்று வைத்திருக்கிறாள். வேலை போனவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொண்ணூறு நாள் வரைக்கும் கொடுக்க 'அடல் பீமித்' என்று ஒரு திட்டம் அதில் 2018-இல் கொண்டுவந்தார்கள். வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும், அதற்கென்று கட்டியிருக்க வேண்டிய நாள் கணக்கும் உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

டி.வி.யில் வேலையில்லாதோர் விகிதம் குறைந்துவிட்டது என்று சொல்லும்போது உன் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். எல்லாருக்கும் வேலை இருக்கிறது, எனக்கு மட்டும்தான் இல்லை என்று எடுத்துக்கொண்டாய். அந்தக் கணக்கு எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள். மத்திய அரசு 2017-இலிருந்து பி.எல்.எஃப்.எஸ். என்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. அதில் வாராந்திரக் கணக்கு என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். மாமியார் இட்லிக் கடையில் சம்பளம் இல்லாமல் மாவாட்டும் மருமகளும் வேலையில் இருப்பவர்தான். ஏழை வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார்கள். அதனால் அங்கே விகிதம் குறைவாகத்தான் வரும். படித்த பிள்ளைகள் தகுந்த வேலைக்குக் காத்திருப்பார்கள். அதனால் பட்டதாரிகளிடம் விகிதம் எப்போதுமே ஏறித்தான் நிற்கும். கணக்கெடுப்பில் பொய் இல்லை. ஆனால் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. அந்த வேலையில் சோறு நிம்மதியாக இறங்குகிறதா என்பது வேறு கேள்வி. அதை நாம்தான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உன் தம்பியைப் பார். பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். கணக்கில் அவன் முழு வேலைக்காரன். மழையில் நனைந்து ராத்திரி பதினொன்றுக்கு வருகிறான், ஐ.டி. பிளாக் ஆகிவிட்டால் அடுத்த நாள் வேலை இல்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அவனை நீ கொஞ்சம் இளப்பமாகப் பேசியதைக் கேட்டேன், எனக்கு மனசு வலித்தது. அவனுக்காகக் கர்நாடகத்தில் 2025-இல் சட்டமே வந்திருக்கிறது. கம்பெனிகள் அவன் ஓட்டத்துக்கான பணத்தில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்குக் கட்ட வேண்டும்; காரணம் எழுதி, 14 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்துத்தான் நீக்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் சட்டம் தெருவுக்கு வர நாளாகும். அவன் பதிவு செய்திருக்கிறானா என்று நீ பார். இந்த வேலையைப் படித்த நீதான் அவனுக்குச் செய்து தர வேண்டும்.

படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் நமக்கே பாடம் நடத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2016-இல், கம்பெனி பங்கு பி.எஃப். பணத்தை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த ஏப்ரலில் ஓசூர் ரோட்டிலும் துமகூரு ரோட்டிலும் கார்மெண்ட்ஸ் பெண்கள் மிஷினை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். தலைவர்கள் கூப்பிட்டு வந்த கூட்டம் இல்லை அது. ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பார்த்து அடுத்த தொழிற்சாலை வெளியே வந்தது. கார்மெண்ட்ஸில் பலருக்கு ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை நிலைக்காது, அந்தப் பணம்தான் அவர்களுக்கு மகள் கல்யாணமும் அடகு நகையும். கல்வீச்சும் தடியடியும் நடந்தன. அதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலமே விதி திரும்பப் பெறப்பட்டது, நாடு முழுவதற்கும். உனக்கு இன்று இருக்கும் பி.எஃப். உரிமையில் அந்தப் பெண்களின் பங்கும் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் பேச வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது நாங்கள் விளக்கணைத்து உட்கார்ந்திருந்தோம். அந்த வருஷம் திறக்க வேண்டிய திருவள்ளுவர் சிலை நம் ஏரிக்கரை அருகே மூடியபடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அந்த வருஷங்களில் பயந்து வாழ்ந்த எங்களில் பலர் பிள்ளைகளைக் கன்னடத்தில் பேச வைத்தோம். எழுதப் படிக்க வைக்கவில்லை. நீயும் கடைக்காரரிடம் சரளமாகப் பேசுவாய், பஸ் போர்டைத் தடுமாறித்தான் படிப்பாய். 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு தர ஒரு மசோதாவை மாநில அமைச்சரவை ஏற்றுக்கொண்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் நிறுத்தி வைத்தது. நாளை அது எந்த உருவத்தில் திரும்பினாலும், கன்னடம் எழுதத் தெரிந்த கைக்குப் பயமில்லை. அரசு வேலைத் தேர்வுக்கும் அதுவே கதவு. இங்கேயே பிறந்து, இந்த ஏரித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள் நீ. கன்னடம் உனக்கு அயல் மொழி இல்லை. தமிழை விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் 1950-இலிருந்து இரண்டையும் மதித்தவர்கள்தான் உட்கார்ந்து பேசி வந்திருக்கிறார்கள். இப்போது உன்னிடம் பகல் பொழுது இருக்கிறது. மூன்று மாதத்தில் எழுதப் படிக்க வந்துவிடும்.

வேலை தேடுவதையும் வேலையாகவே செய். காலையில் இரண்டு மணி நேரம் விண்ணப்பம், பிறகு கற்றுக்கொள்வது, பிறகு சமையலில் அம்மாவுக்குக் கை கொடுப்பது. ஆலை மூடிய வருஷங்களில் ஆண்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து, சில பேர் குடியில் போய் விழுந்தார்கள்; அவர்கள் மனைவிமார் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். வேலை போன ஆணுக்கு ஊர் இரக்கப்பட்டது, வேலைக்குப் போன மனைவியை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்களில் இன்னும் ஐந்தாறு பேர் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார். எந்த அபார்ட்மெண்டில் யார் என்ன வேலையில் இருக்கிறார்கள், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிகிற மாதிரி உன் லிங்க்ட்இன்னுக்குத் தெரியாது.

பணம்தான் கடைசி. வீட்டுச் செலவுக்கு நீ கொடுத்து வந்ததை நிறுத்திவிடு, அதைப் பற்றி யோசிக்காதே. தாத்தாவின் பென்ஷன் இருக்கிறது, தம்பி கொடுக்கிறான், முன்வாசல் அறைக்கு வாடகை வருகிறது. உன் லோன் தவணை, போன் பில், காப்பீடு, எதை விட்டால் என்ன ஆகும் என்று தனித்தனியாக எழுது. கிரெடிட் கார்டுத் தவணை கட்ட இன்னொரு கார்டு எடுக்காதே. பேங்குக்கே நேரில் போய் வேலை போய்விட்டது, அவகாசம் வேண்டும் என்று கேட்டால் வழி சொல்வார்கள், நான் கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியும் வீட்டில் இருப்பான். பாஸ்புக், கார்டு ஸ்டேட்மெண்ட், பி.எஃப். கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வை. நான்கு பேரும் உட்கார்ந்து, எத்தனை மாதம் தாங்கும் என்று பார்த்துவிடுவோம்.